பதினோராவது பொருத்தம்

திருமண வரவேற்புக் கேக்கின் ஐசிங்கை மணப்பெண்ணின் பட்டுச்சேலை நிறத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு நிறப்பொருத்தம் என்று பெயர் வைக்கலாம். தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரையில் சோதிடர் பார்க்கும் பத்துப் பொருத்தங்களுக்கு அடுத்த இடம் இதற்கு உரியது. நாடிப் பொருத்தத்தைத் தனியாக எண்ணுவோருக்கு இது பன்னிரண்டாவது. முதல் பத்தில் ஒன்றிரண்டு தட்டினாலும் பரிகாரம் சொல்லிச் சமாளித்துவிடலாம். ஐசிங் தட்டினால் பரிகாரம் கிடையாது. ஆல்பத்தில் ஏறி, பேரன் பேத்தி காலம் வரை அப்படியே இருக்கும்.

மணக்கேக்குக்கு முன்னாளில் இந்தத் தொல்லை இல்லை. 1840இல் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணத்தில் கேக்கின் சர்க்கரைப் பூச்சு வெள்ளை. மணப்பெண்ணின் உடையும் வெள்ளை. பொருத்தம் பார்க்கும் வேலையே எழவில்லை. தமிழ்நாட்டில் தேவாலயத் திருமணங்களோடு இருந்த கேக், பிறந்தநாள் விழாக்களின் வழியாக எல்லார் வீட்டுக்கும் வந்து, கடைசியில் முகூர்த்தத்துக்கு முந்தின மாலை வரவேற்பு மேடையிலும் ஏறிவிட்டது. இங்கே மணப்பெண் வெள்ளை உடுத்துவதில்லை. ரவிக்கை, வளையல், பொட்டு, மேடைத் திரை, மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் எட்டிப்பார்க்கும் கைக்குட்டை என்று சேலையைத் துரத்திக்கொண்டு ஓடும் வரிசையில் கேக்கும் கடைசி ஆளாக வந்து சேர்ந்தது. மேட்சிங் சென்டர் என்று பலகை மாட்டித் தனிக் கடைகளே நடக்கிற நாட்டில் இது நடக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இந்தத் துறையை ஆராய விருத்தாசலம் ஏற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. பக்கத்து நெய்வேலியின் களிமண் இந்த ஊர்ச் சூளைகளுக்கு வந்து பொம்மையாகவும் கோப்பையாகவும் மின்சாரச் சாதனங்களின் பீங்கான் உறுப்பாகவும் மாறும். குழைத்த நிறம் ஒன்று, சூளையிலிருந்து வெளியே வரும் நிறம் வேறொன்று என்பது தொழிற்பேட்டைப் பக்கம் பிழைப்பவர் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதே ஊரில் நான்கு தெரு தள்ளியிருக்கும் பேக்கரி வாசலில் மட்டும் இந்த அறிவு செல்லுபடியாவதில்லை.

நிறப்பொருத்தத்தின் முதல் படி மாதிரி வாங்குவது. இதில் இந்த ஊருக்குப் பழைய உரிமை ஒன்று இருக்கிறது. திருமுதுகுன்றம் என்று தேவாரக் காலத்தில் பெயர் வழங்கிய இவ்வூரில் சுந்தரர் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆற்றில் இடுமுன் அந்தப் பொன்னில் ஒரு துண்டு வெட்டி, மச்சம் என்று கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை மச்சத்தோடு உரைத்துப் பார்க்கையில் மாற்றுக் குறைந்திருந்தது. பதிகம் பாடிய பிறகே சரியாயிற்று. சிவபெருமான் கொடுத்த சரக்குக்கே மாதிரி எடுத்து வைத்த ஊர் இது. இன்றைக்கு அதே ஊரில் கேக்குக்கு முன்பணம் கொடுக்க வரும் மணவீட்டார் மாதிரியாக நீட்டுவது, வாட்ஸ்அப்பில் நான்கு கை மாறி வந்த ஒரு படம்.

படத்தை நம்பக்கூடாததற்குக் காரணங்கள் உண்டு. போன் கேமரா தன் கண்ணில் படும் ஒளியை வைத்து வெள்ளை எது என்று தானாகவே முடிவு செய்து, மற்ற நிறங்களை அதற்கேற்ப நகர்த்திவிடும். மஞ்சள் விளக்குள்ள ஜவுளிக்கடையில் எடுத்தால் ஒரு திசையில் நகரும், வீட்டு முற்றத்தில் எடுத்தால் வேறு திசையில் நகரும். முகத்தை வெளுப்பாக்கும் வசதி போட்டிருந்தால் சேலையும் கூடவே வெளுக்கும். இவ்வளவும் கடந்து வந்த படத்தைப் பார்க்கும் திரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பெண்ணின் சித்தி கையிலுள்ள போனில் அரக்காக இருப்பது பேக்கரிக்காரர் போனில் செங்கலாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எங்க போன்லதாண்ணே கலர் கரெக்ட்டு" என்று சித்தி தீர்ப்பளிப்பதோடு முதல் அமர்வு முடியும்.

முறையான மாதிரி என்பது துணியே. காஞ்சிப் பட்டில் ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே நெய்யப்பட்டு வருகிறது. தையற்காரர் வெட்டியபின் மிஞ்சும் துண்டில் இரண்டு விரற்கடை அகலம் போதும். ஆனால் ரவிக்கை பெரும்பாலும் கரையின் நிறத்தில் இருக்கும், உடலின் நிறத்தில் இருக்காது. கரையை ஒரு நிறத்திலும் உடலை எதிர் நிறத்திலும் நெய்து கோர்ப்பது காஞ்சிபுரத்தின் கோர்வை வேலை. அந்த அழகுக்காகத்தான் விலையே. ஆகவே துண்டை வாங்கும்போது கேக் கரைக்குப் பொருந்த வேண்டுமா உடலுக்கா என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சாக விட்டால், வரவேற்பன்று இரண்டு வீட்டாரும் எதிரெதிர்க் கட்சியில் இருப்பார்கள்.

இதைவிட மோசமானது டபுள் ஷேட் சேலை. பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொரு நிறம் ஓடும். நேரே பார்த்தால் நீலம், சாய்த்துப் பார்த்தால் பச்சை. மயில் கழுத்து என்று கடையில் சொல்லும் நிறம் இப்படிப் பிறப்பதுதான். ஐசிங்குக்குப் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நீலத்தையும் பச்சையையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் மயில் வராது. நடுத்தரமான ஒரு கடல்நிறம் வரும். அடியில் நீலம் பூசி, குளிரவைத்து, மேலே பச்சையைத் தூரிகையால் ஒரு பக்கமாக மட்டும் தீற்றினால் ஓரளவு ஏமாற்றலாம். கேக்கை மேடையில் எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அந்த ஏமாற்று.

நிறத்துக்குப் பெயர் சொல்லும் முறையும் இங்கே தனி. மேல்நாட்டில் மன்செல் 1905இலேயே நிறங்களை எண்களால் குறிக்க வழி செய்தார். 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் மனிதக் கண்ணையே கணக்காக்கி ஒரு படம் வரைந்தது. 1963 முதல் பேன்டோன் அட்டைகள் அச்சகங்களில் புழங்குகின்றன. பட்டுக்கடையில் எண் கிடையாது. மாம்பழம், எலுமிச்சை, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, தக்காளி, பீட்ரூட், பாசிப்பயறு என்று பாதிப் பெயர்கள் சமையற்கட்டிலிருந்து வந்தவை. காய்கறியிலிருந்து சேலைக்குப் போன நிறத்தைச் சேலையிலிருந்து மறுபடி தின்பண்டத்துக்குக் கொண்டுவருவதில் என்ன சிரமம் என்று தோன்றும். சிரமம், ஒரு கடை மாம்பழம் பங்கனப்பள்ளியாகவும் அடுத்த கடை மாம்பழம் மல்கோவாவாகவும் இருப்பதில்தான். ஆளின் பெயரைத் தாங்கிய நிறமும் ஒன்று உண்டு. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலம், எம்.எஸ். ப்ளூ என்று இன்றும் விற்கிறது. இதை ஐசிங்கில் கேட்டு வருபவர் நல்ல ரசிகராக இருப்பார். வயதும் சற்று ஆகியிருக்கும். கேக் தின்ன மாட்டார், நிறத்தை மட்டும் பார்ப்பார். மூன்றும் சேர்ந்தவரைத் திருப்தி செய்வது அரிது.

மாதிரி கைக்கு வந்தபின் வெள்ளை. எல்லா நிறத்துக்கும் அடியில் கிடப்பது அதுதான், அதிகம் பேர் கவனிக்காததும் அதுதான். பேக்கரிகளில் நெடுங்காலம் ஓடியது வனஸ்பதியும் ஐசிங் சுகரும் சேர்த்து அடித்த கிரீம். இப்போது பெட்டியில் உறைந்து வரும் விப்பிங் கிரீம் ஓடுகிறது. "வெண்ணெயிலதான் போடணும்" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. பசு வெண்ணெயில் கரோட்டின் இருப்பதால் மஞ்சள் ஓடும். எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் வெண்ணெய் வெள்ளையாகவே இருக்கும். பசு வெண்ணெயில் நீலம் விட்டால் பச்சை பிறக்கும். ஆக, நீலச்சேலைக் கல்யாணத்துக்கு எருமை உத்தமம். மஞ்சளுக்கோ பசுவே கால் பங்கு வேலையை முடித்துக் கொடுத்துவிடும். எருமை கிடைக்காத இடத்தில் ஊதா நிறத்தை ஊசி முனையளவு சேர்த்து மஞ்சளை அடக்குவார்கள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் இதே கணக்கில்தான். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைப் போட்டு வெளுப்போரும் உண்டு. சுவர் பெயிண்டுக்கு வெண்மை தருவதும் பீங்கான் கிளேஸை ஒளிபுகாமல் செய்வதும் அதே பொடி. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் அதற்குத் தடை விதித்தது.

சாயப்பொருளுக்கு வந்தால், இந்தியச் சட்டம் உணவில் அனுமதிக்கும் செயற்கை நிறங்கள் எட்டு: பொன்சோ 4ஆர், கார்மொய்சின், எரித்ரோசின் ஆகிய சிவப்புகள்; டார்ட்ராசின், சன்செட் யெல்லோ ஆகிய மஞ்சள்கள்; இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் ப்ளூ ஆகிய நீலங்கள்; ஃபாஸ்ட் கிரீன் என்ற பச்சை. கடையில் விற்கும் நூற்றெட்டுப் பெயருள்ள ஜெல் குப்பிகளில் செயற்கை நிறம் எதுவாக இருந்தாலும் இந்த எட்டில் ஒன்றாகவோ இவற்றின் கலவையாகவோதான் இருக்க வேண்டும். அளவுக்கும் பொதுவான எல்லை உண்டு: ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. சேலைக்கு இத்தகைய எல்லை எதுவும் இல்லை. போட்டி தொடக்கத்திலேயே சமமாக இல்லை என்பதைச் சித்திக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரர் சொன்னால் சாக்கு என்று எடுத்துக்கொள்வார்.

கலக்கும் முறை சுருக்கமானது. பல்குத்தும் குச்சி முனையில் எடுத்து, கொஞ்சம் கிரீமில் முதலில் கெட்டியாக ஒரு தாய்க்கலவை போட்டு, அதை வெள்ளைக் கிரீமில் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். வேண்டிய அளவைக் காட்டிலும் சற்று அதிகமாகவே ஒரே தடவையில் கலந்துவிட வேண்டும், ஏனெனில் பாதியில் தீர்ந்தால் மறுபடி அதே நிறம் கலப்பது மனிதரால் ஆகாது. எடுப்பான நிறத்தை அடக்க வேண்டுமானால் கறுப்பைச் சேர்க்காமல் எதிர்நிறத்தில் துளி சேர்க்க வேண்டும்: சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, நீலத்துக்கு ஆரஞ்சு. குப்பியிலிருந்து நேராகக் கிரீமில் சொட்டுவதை எல்லாரும் தவறு என்பார்கள், எல்லாரும் செய்வார்கள்.

நிறங்களில் எளியது மாம்பழ மஞ்சள். டார்ட்ராசினோடு சன்செட் யெல்லோ ஒரு பொட்டு. பொட்டு இரண்டானால் கேசரி நிறம் வந்துவிடும். அதைக் கேக் என்று நம்பவைக்க மேலே முந்திரியைத் தவிர்க்க வேண்டும், அது முந்திரி விளையும் இந்தப் பக்கத்தில் முடியாத காரியம். கிளிப்பச்சையும் சுலபம்.

அரக்குதான் ஆளைக் கொல்லும் நிறம். வெள்ளையில் எவ்வளவு சிவப்பு விட்டாலும் அது வெள்ளை கலந்த சிவப்பு, அதாவது ரோஸ். ரோஸ் அடர் ரோஸாகும், பிறகு மிக அடர் ரோஸாகும், அதற்குள் சட்ட எல்லை எப்போதோ பின்னால் போயிருக்கும், நாக்கில் கசப்பும் தட்டும். தெரிந்தவர்கள் வெள்ளையிலிருந்து தொடங்குவதே இல்லை. கோகோ போட்ட சாக்லேட் கிரீமை அடியாக வைத்து அதன்மேல் சிவப்பை ஏற்றினால் பாதிச் சாயத்தில் அரக்கு வந்துவிடுகிறது. ருசியும் கெடாது. "வெனிலாதானே சொன்னோம், சாக்லேட் வாசனை வருதே" என்று கேட்கும் மாப்பிள்ளையின் அக்காவுக்கு மட்டும் பதில் யோசித்து வைக்க வேண்டும்.

வாடாமல்லியின் கதை சட்டப்புத்தகம் சார்ந்தது. அந்தக் கண்ணைப் பறிக்கும் ஊதா ரோஸை அனுமதிக்கப்பட்ட எட்டிலிருந்து வரவழைப்பது கடினம். எரித்ரோசின் அருகே போகும், ஆனால் வெளிச்சம் பட்டால் வெளிறும். அச்சாக அந்த நிறம் தருவது ரோடமின் பி. அது பட்டுக்கும் துணிக்கும் போடும் சாயம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அதைத் தொடர்ந்து தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது இந்த ரோடமின் பி அதில் அகப்பட்டதால்தான். ஆக, வாடாமல்லிச் சேலையோடு இம்மி பிசகாமல் கேக்கைப் பொருத்தும் வழி இருக்கத்தான் செய்கிறது. அந்த வழியில் போனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவார். வாடாமல்லி ஐசிங் சேலைக்குச் சற்றே பொருந்தாமல் இருப்பது பேக்கரிக்காரரின் நேர்மைக்குச் சான்று என்று மணவீட்டார் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்வதில்லை.

அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவை பேஸ்டல் நிறங்கள்: பீச், டஸ்டி ரோஸ், சேஜ் கிரீன், லாவெண்டர். சாயம் மிகக் குறைவாகவும் வாக்குவாதம் மிக அதிகமாகவும் தேவைப்படுபவை இவை. டஸ்டி ரோஸ் என்பது பழைய வெங்காயச் சருகுதான். ரோஸில் துளி பழுப்பு சேர்த்து மங்கலாக்கினால் கிடைக்கும். சரியாக வந்தால் அது நேற்று ராத்திரி வெளியே வைத்துவிட்ட ரோஸ் கிரீம் மாதிரி இருக்கும். மணப்பெண் பார்த்து மகிழ்வார், பாட்டி பார்த்து, "என்னம்மா இது, ஊசிப் போயிருக்கா?" என்பார். இருவரும் சொல்வது சரியே. லாவெண்டரில் வேறொரு குணம் உண்டு: சிவப்பும் நீலமும் கலந்த அந்த நிறத்தில் வெளிச்சம் பட்டுச் சிவப்பு முதலில் வெளிறும். கண்ணாடிப் பெட்டியில் விளக்கடியில் மதியம் வைத்த லாவெண்டர் மாலைக்குள் வெளிர் நீலமாகிப் போயிருக்கும்.

கலந்து முடித்த நிறம் முடிந்த நிறம் அன்று. ஐசிங்கில் பெரும்பங்கு கொழுப்பும் சர்க்கரையும், தண்ணீர் கொஞ்சம். சாயங்களோ தண்ணீரில் கரைபவை. கொழுப்புக்கு நடுவே துளித்துளியாக ஒளிந்திருக்கும் தண்ணீரைத் தேடிப்பிடித்துக் கரைந்து பரவச் சாயத்துக்கு மணிக்கணக்கில் நேரம் ஆகும். அதனால் சிவப்பும் நீலமும் அரக்கும் கறுப்பும் இரவோடு இரவாக ஏறும். சாயங்காலம் கலப்பவர் ஒரு படி, அடர் நிறமானால் இரண்டு படி குறைத்து நிறுத்த வேண்டும். காலையில் அது தானே வந்து நிற்கும்.

பீங்கான் தொழிலாளிக்கு இது பழகிய கதை, அதுவும் பல மடங்கு பெரிய கதை. கோபால்ட் ஆக்சைடு கரிப்பொடிபோல இருக்கும். கிளேஸில் கலந்து சுட்டால் கருநீலம். செம்பு, காற்றோட்டமான சூளையில் பச்சை தரும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் அதே செம்பு இரத்தச் சிவப்பு தரும். கோப்பை விளிம்பில் தீட்டும் திரவப் பொன் குப்பியில் பழுப்பாக இருக்கும். 700, 800 டிகிரிச் சூட்டுக்குப் பிறகே பொன் என்று தெரியும். குரோமியம் இன்னும் விளையாட்டுக்காரன். அது பச்சை நிறத்துக்காகப் பூசப்படுவது. சூளைச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகி, பக்கத்தில் வெள்ளீயக் கிளேஸ் பூசி வெள்ளையாக நிற்கும் பாண்டத்தின்மேல் படிந்து அதை ரோஸாக்கிவிடும். தான் பச்சையாகவே நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரியை வெட்கப்படவைக்கும் இந்தக் குணத்தை வேறு எந்தச் சாயத்திலும் காணமுடியாது. இவ்வளவும் தெரிந்ததால்தான் அந்தத் தொழிலில் டெஸ்ட் டைல் என்று சிறு வில்லைகளில் பூசிச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகே சரக்கில் கைவைக்கிறார்கள்.

சூளைக்காரருக்கு இருக்கும் இன்னொரு வசதி, சூளைக்குக் கதவு இருப்பது. உள்ளே வெந்துகொண்டிருக்கும் கோப்பையைப் பார்த்து, "நீலம் பத்தாதுண்ணே" என்று சொல்ல வாடிக்கையாளரால் முடியாது. பேக்கரியின் முன்பக்கம் கண்ணாடி. மாலை ஆறு மணிக்கு, நிறம் இன்னும் ஏறாத நேரத்தில், சித்தியும் அத்தையும் மாப்பிள்ளையின் அக்காவும் சேர்ந்து ஆட்டோவில் வந்து இறங்குவார்கள்.

"டல்லா இருக்கேண்ணே."

"காலைல ஏறிடும்க்கா."

"காலைல ஏறலைன்னா? இப்பவே கொஞ்சம் எடுப்பா போட்டுடுங்க."

பேக்கரிக்காரர் போடமாட்டேன் என்று சொல்ல ஊர் வழக்கம் இடம் கொடுக்காது. இரண்டு சொட்டு விடுவார். சித்தி தலையசைப்பார், அத்தை இன்னும் ஒரு சொட்டு கேட்பார். அந்த மூன்று சொட்டும் முதலில் போட்டதோடு சேர்ந்து இரவு முழுக்கக் கரைந்து, விடியும்போது மாம்பழம் கேரட்டாகவும், கத்தரிப்பூ கத்தரிக்காயாகவும், அரக்கு ஏறக்குறைய கறுப்பாகவும் மாறியிருக்கும். திருமணக் கேக்குகளில் காணும் நிறப்பிழைகளில் பெரும்பாலானவை கலப்பவரின் கைப்பிழை அல்ல, மாலை ஆறு மணிக்கு வருகிற ஆட்டோவின் பிழை. மறுநாள் காலையில் யாரும் அந்த ஆட்டோவை நினைவில் வைத்திருப்பதில்லை. இதற்குக் கண்ட ஒரே வழி, குடும்பத்துக்குக் காட்டவென்று முந்தின நாளே கலந்து முற்றவைத்த கிரீமை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருப்பது. அவர்கள் பார்ப்பது அந்தக் கிண்ணத்தை. பூசுவது வேறு கிண்ணத்திலிருந்து. பீங்கான்காரரின் டெஸ்ட் டைல் இப்படி ஒரு பொய்யாகப் பேக்கரிக்குள் நுழைந்திருக்கிறது, அதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மண்டபத்தில் மிச்சச் சோதனைகள். பட்டும் ஐசிங்கும் பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு சாயங்களால் ஆனவை என்பதால், மேடையின் எல்இடி விளக்கில் பிரிந்து நிற்கும். பகலில் அண்ணன் தம்பி, விளக்கடியில் பங்காளி. மேடை அலங்காரக்காரர் ஊதாவும் நீலமுமாக மாற்றி மாற்றி அடிக்கும் ஃபோகஸ் விளக்கில் சேலையே மூன்று நிறம் காட்டும்; அப்போது கேக்கும் ஏதோ ஒரு கணத்தில் சேலையோடு பொருந்தித்தான் தீரும். அந்தக் கணத்தில் படம் எடுக்கும்படி கேமராக்காரரிடம் சொல்லிவைப்பது பயனுள்ள முன்னேற்பாடு.

வைகாசி முகூர்த்தமானால் வெயிலும் சேரும். கத்திரி நாட்களில் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். வெண்ணெய் 32இலிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். உருகும் ஐசிங்கில் காற்றுக்குமிழிகள் வெளியேறுவதால் அதன் நிறம் இன்னொரு படி அடர்ந்து, பளபளப்பும் கூடும். பட்டின் பளபளப்பை ஐசிங் எட்டும் ஒரே சந்தர்ப்பம் அது, நீடிக்காது. ஏசி மண்டபமே வேண்டும், கரண்டும் இருக்க வேண்டும். மூன்றடுக்குக் கேக்கில் கீழிரண்டு அடுக்கும் பெரும்பாலும் தெர்மோகோல் என்பதால் சரிந்துவிடும் அபாயம் அவ்வளவாக இல்லை. அந்த இரண்டு அடுக்கின் நிறம் மட்டும் எப்போதும் அருமையாக அமைவது ஏன் என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை: அதை யாரும் தின்னப் போவதில்லை என்பது கலப்பவருக்குத் தெரியும்.

சரிகைக்கு இணையாக ஓரத்தில் ஓடும் பொன்னிறம், அப்பிரகத் துகளில் உலோக ஆக்சைடு பூசிய மினுக்குப் பொடி. உண்ணத் தக்கது என்று அட்டையில் அச்சிட்டதும், அலங்காரத்துக்கு மட்டும் என்று அச்சிட்டதும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். பின்னதன் பளபளப்பு கூடுதல், விலை குறைவு. வாங்குபவர் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கேக் வெட்டியபின் பொருத்தம் நாக்குக்கு மாறுகிறது. எம்.எஸ். நீலம் தின்ற குழந்தைகள், தின்னாத பெரியவர்களிடம் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றும். இதில் ஆபத்தில்லை, இரண்டு வேளை சாப்பாட்டில் போய்விடும்.

போகாதது சேலையில் விழுந்த ஐசிங். சேலைச் சாயமும் கேக்குச் சாயமும் சொந்தக்காரர்கள். டார்ட்ராசினுக்குச் சாயப்பட்டறைப் பெயர் ஆசிட் யெல்லோ 23. பொன்சோ அங்கே ஆசிட் ரெட் 18. பிரில்லியண்ட் ப்ளூ ஆசிட் ப்ளூ 9. ஆசிட் சாயங்கள் பட்டு, கம்பளி முதலிய புரத இழைகளில் கெட்டியாகப் பிடிப்பவை, பருத்தியில் அவ்வளவாக ஒட்டாதவை. மாமாவின் பருத்தி வேட்டியில் விழுந்த துளி அலசினால் போகும். மணப்பெண்ணின் முந்தானையில் விழுந்தது, நான்கு நாள் கலந்தும் கைகூடாத பொருத்தத்தை நான்கு நிமிடத்தில் முடித்துக் காட்டிவிடும். உடனே கரண்டி முனையால் கிரீமை வழித்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியை மேலே ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வெந்நீர் ஆகாது. தாம்பூலத் தட்டு அருகில் எலுமிச்சம்பழம் இருக்கும், கறைக்கு எலுமிச்சை நல்லது என்று யாராவது சொல்லவும் சொல்வார்கள். புளிப்பும் சூடும்தான் பட்டில் சாயத்தை ஏற்றச் சாயப்பட்டறையில் சேர்ப்பவை. எலுமிச்சை பிழிந்து, உலரட்டும் என்று இஸ்திரியும் போட்டுவிட்டால், அந்த இடத்தை மடிப்பின் உட்புறமாகத் திருப்பி ஊக்கு குத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஊக்கு சித்தியிடம் இருக்கும்.